ஊட்டியில் வெள்ளிக் காப்பு: சாலையோரக் கடையா, ஷோரூமா, பட்டறையா?

ஊட்டியில் வெள்ளி நிறத்தில் ஒரு காப்பு வாங்க மூன்று வழி உண்டு. சாலையோரக் கடையில் 'ஆக்சிடைஸ்டு' என்று தொங்குவதை வாங்கலாம். ஷோரூமில் 925 முத்திரையோடு பெட்டியில் போட்டுத் தருவதை வாங்கலாம். இல்லையென்றால் பட்டறையில் ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். தள்ளி நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும், விலை மட்டும் ஏறிக்கொண்டே போகும். என் மனசு பட்டறைப் பக்கம்தான். ஆனால் எல்லா நகைக்கும் அதைச் சொல்லமாட்டேன்.

சாலையோரச் சரக்கு பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். வெள்ளி பெயரில் மட்டும்தான். உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். ஒரு கல்யாணத்துக்கோ கல்லூரி விழாவுக்கோ போட்டுக்கொள்ளத் தாராளமாகப் போதும். நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் அரிப்பு வரும், அவ்வளவுதான்.

ஷோரூம் வெள்ளியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. தனி வெள்ளி மெத்தென்று வளையும் என்பதால் இந்தக் கலப்பு தேவை. அங்கே ஒரு மாதிரி நகையிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அதில் மெழுகுப் பிரதிகளை வார்த்து, பல பிரதிகளை ஒரே தண்டில் ஒட்டி, அதைச் சுற்றி ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி இறுகவிட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில் வெள்ளியை ஊற்றுகிறார்கள். ஜோடி துளியும் பிசகாது. தினமும் போடும் கம்மல், சீக்கிரமே சின்னதாகிப்போகும் குழந்தைக் கொலுசு, இதற்கெல்லாம் ஷோரூமே சரி.

பட்டறைக் காப்பைக் கையில் வாங்கினால் முதலில் திருப்பிப் பாருங்கள். தகட்டை அச்சில் அடித்த நகையென்றால் பின்பக்கம் குழிந்து, முன்பக்க வேலைப்பாடு தலைகீழாகத் தெரியும். கையால் செய்ததில் பற்றவைத்த இடம் மெல்லிய கோடாக இருக்கும். மேலே வரிசையாக ஒட்டிய மணிகளைக் கவனியுங்கள். வெள்ளிக் கம்பியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக் கரித்துண்டின் மேல் வைத்து ஊதினால், உருகும் வெள்ளி தானாகவே சுருண்டு உருண்டையாகும். தூய வெள்ளி உருகுவது சுமார் 961 டிகிரி செல்சியஸில். அந்த மணிகளை வெண்காரமும், வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பற்றவைப்புப் பொடியும் வைத்து ஒட்டும்போது, பொடி உருகவேண்டும், மணி உருகக்கூடாது. நெருப்பை எப்போது விலக்குவது என்பதை ஆசாரி வெள்ளியின் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். ஒரு மணி கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஒன்று லேசாக அமுங்கியிருக்கும். ஒவ்வொரு மணியிலும் ஒருவர் எடுத்த முடிவு இருக்கிறது. நான் இதைக் கலை என்று சொல்வது அதனால்தான். அச்சு நகையில் அந்த முடிவு மாதிரியைச் செய்த நாளோடு முடிந்துவிட்டது.

இந்த மலைக்கு இது புதிதல்ல. நீலகிரிப் பழங்குடியான கோத்தர்கள் இரும்புக் கருவி, மண்பானையோடு வெள்ளி நகையும் செய்து, அதே மலையில் வாழும் தோடர்களுக்கும் படகர்களுக்கும் கொடுத்தார்கள். பதிலுக்குத் தோடர்களிடமிருந்து நெய், படகர்களிடமிருந்து தானியம் வந்தது. செய்தவருக்குப் போடுபவரைத் தெரியும், அவர் வீட்டையும் தெரியும். தோடர்கள் துணியில் போடும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளி வேலையைப் பற்றியும் அதே அக்கறையோடு பேசவேண்டும் என்பது என் ஆசை.

காசுக் கணக்கில் பட்டறை தோற்கும், மறைக்க ஒன்றுமில்லை. திருப்பி விற்கும்போது எடைக்குத்தான் பணம். செய்கூலி திரும்பி வராது. சேமிப்புக்கு வாங்குபவர்கள் வெள்ளிக் கட்டி வாங்கட்டும். ஆனால் பத்து வருஷம் கழித்து மணி ஒன்று விழுந்தால், ஒன்றை உருட்டி ஒட்டித் தர பட்டறையில் ஆள் இருப்பார்.

மோதிரம் செய்யச் சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். ஊட்டிக் குளிரில் விரல் சுருங்கியிருக்கும். காலையில் அளவு கொடுத்துவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கினால் மோதிரம் இறுக்கும். வெயில் ஏறியபிறகு அளவு கொடுங்கள், சமவெளியில் இருப்பவர் என்றால் அதையும் ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள். ஷோரூமில் பெரும்பாலும் இருக்கிற சைஸில் ஒன்றைத்தான் எடுக்கவேண்டியிருக்கும்.

அப்புறம் பேரம். வெள்ளி விலை தினமும் பேப்பரில் வருகிறது, அதில் பேச ஒன்றுமில்லை. எல்லாரும் கைவைப்பது செய்கூலியில்தான். அதை அடித்துப் பேசினால் அந்தக் காசுக்குள் வேலையை முடிக்க, ரெடிமேட் அச்சு மணிகளை வாங்கி ஒட்டித் தரவேண்டிய நிலைக்கு ஆசாரி தள்ளப்படுவார். முன்பணம் கொடுக்கும்போதே மணி கையில் உருட்டியதாக வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் கேட்கும் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.