சிறிய அறைக்கு டவர் ஸ்பீக்கரா, புக்‌ஷெல்ஃபும் சப்வூஃபருமா?

வீட்டில் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் பத்துக்குப் பன்னிரண்டடி அறை, கையில் அளவான பணம் என்றால் புக்‌ஷெல்ஃப் (சிறிய பெட்டி ஸ்பீக்கர்) ஜோடியும், பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான தனி சப்வூஃபரும்தான் மேல்.

தரையிலேயே நிற்கும் உயரமான டவருக்கு ஸ்டாண்டு வேண்டாம்; பாட்டுக்கு சப் இல்லாமலே போதும். சிக்கல் இடத்தில்தான். 12 அடி நீளத்தில் சுமார் 47 ஹெர்ட்ஸில் அறையே ஒத்ததிரும்; அந்தத் தாழ்ந்த ஒலி மட்டும் பெருகும். பேஸ் குமுறி வசனம் அமுங்கும். அதற்காக டவரை நகர்த்தினால் திரையோடு ஒலி பொருந்தாது.

சப்பை எங்கும் வைக்கலாம். நீங்கள் உட்காரும் இடத்தில் அதை வைத்து, பேஸ் மிகுந்த பாட்டை ஓடவிட்டு, சுவரோரம் தவழ்ந்தபடி கேளுங்கள் (கதவைச் சாத்திவிட்டு!). எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில், பேஸ் சப்புக்குப் போக ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்றும், ஒலியை இரண்டுக்கும் பிரிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் என்றும் அமையுங்கள். சப்பின் பின்னாலுள்ள கிராஸ்ஓவர் குமிழ் உச்சத்தில் இருக்கட்டும். இல்லையேல் ரிசீவர், சப் இரண்டின் ஃபில்டர்களும் சேர்ந்து இடையில் ஒலி பள்ளமாகிவிடும். அப்படியும் பேஸ் மெலிந்தால் சப்பின் ஃபேஸை (ஒலி அலையைத் தலைகீழாக்கும் அமைப்பு) 180க்கு மாற்றிப் பாருங்கள். ஸ்பீக்கர் வயரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிறிய ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டர் காது உயரத்தில் நிற்க ஸ்டாண்டு செலவு உண்டு. வயர் 16 கேஜ் தடிமனில் செம்பு போதும். மிச்சப் பணத்துக்கு ஆறங்குல சப்தான் கிடைக்கும் என்றால், டவரே தேவலை.