வியூ ஜேஎஸ் 3: முதல் ஃபிரேம்வொர்க்காக எடுக்கலாமா?

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் நன்றாகத் தெரியும், ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும், ஜேக்வெரியை வைத்தே இத்தனை நாள் ஓட்டியாயிற்று, இனி கம்போனென்ட் முறையில், அதாவது திரையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து எழுதும் ஃபிரேம்வொர்க் ஒன்றைப் பிடித்தே ஆகவேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு வியூ 3-ஐத் தயங்காமல் சொல்வேன். இதே வகையைச் சேர்ந்த ரியாக்ட், ஆங்குலர், ஸ்வெல்ட் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வேலை பார்த்த பிறகுதான் சொல்கிறேன். வியூ கஷ்டமில்லை. ஆனால் ஒரே வேலையைச் செய்ய அதில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள், இரண்டுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், கூகுளில் தேடினால் இரண்டும் கலந்து வருகிறது. புதிதாக வருகிறவர் திணறுவது அங்கேதான்.

கூகுளில் ஆங்குலரின் முந்தைய வடிவமான ஆங்குலர்ஜேஎஸ் வைத்து வேலை பார்த்த எவான் யூ, அதில் தனக்குப் பிடித்த பாகத்தை மட்டும் எடுத்து இலேசாக ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்று தொடங்கியதுதான் வியூ. 2014 பிப்ரவரியில் வெளிவந்தது. ரியாக்டுக்கு ஃபேஸ்புக், ஆங்குலருக்கு கூகுள் என்பதுபோல் இதற்குப் பின்னால் பெரிய கம்பெனி கிடையாது, ஸ்பான்சர் பணத்தில் ஓடுகிறது. நாளைக்கு நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. பத்து வருஷத்துக்கு மேல் ஓடியாயிற்று, கோடு சேமிக்கும் தளமான கிட்லேப் இதைப் பயன்படுத்துகிறது, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2020-ல் இதைத்தான் தேர்ந்தெடுத்தது. எனக்கு அந்தப் பயம் இல்லை.

பிடித்தது எது என்று கேட்டால் அந்த ஒற்றை ஃபைல்தான். ஒரு கம்போனென்ட் என்றால் ஒரு டாட் வியூ ஃபைல்; அதற்குள் ஸ்கிரிப்ட், டெம்ப்ளேட், ஸ்டைல் மூன்றும் தனித்தனியாக இருக்கும். டெம்ப்ளேட் என்பது நாம் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்த அதே எச்டிஎம்எல்தான், நடுவில் வி-இஃப் (நிபந்தனை சரியென்றால் மட்டும் காட்ட), வி-ஃபார் (பட்டியலை வரி வரியாகக் காட்ட) என்று சில சேர்க்கைகள், அவ்வளவே. டிசைனர் கையில் கொடுத்தாலும் பயப்படாமல் திறந்து பார்ப்பார்.

பில் போடும் சின்னத் திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொருள், அளவு, விலை, தொகை, கீழே மொத்தம். இதை ஜேக்வெரியில் எழுதியவர்களுக்குத் தெரியும்: அளவு மாறினால் அந்த வரியின் தொகையை மாற்று, பிறகு மொத்தத்தைக் கூட்டு, வரியை நீக்கினால் மறுபடி கூட்டு, புது வரி சேர்த்தால் அதற்கும் ஈவென்ட் கட்டு என்று ஒவ்வொன்றையும் நாமே ஞாபகம் வைத்துச் செய்யவேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் பில் தப்பாகிவிடும். வியூவில் பொருள்களின் பட்டியலை ஒரு ரெஃபில் (மதிப்பு மாறினால் திரையும் மாறும்படி வைக்கும் உறை) போட்டு, மொத்தத்தை கம்ப்யூட்டட் (மற்ற மதிப்புகளிலிருந்து தானாகக் கணக்காவது) என்று ஒரு வரியில் எழுதி, அளவுப் பெட்டியில் வி-மாடல் (பெட்டியையும் மதிப்பையும் இணைப்பது) கட்டிவிட்டால் முடிந்தது. எண்ணை மாற்ற மாற்ற மொத்தம் தானாக மாறும். இன்புட்டின் டைப் நம்பர் என்று இருந்தால் மதிப்பும் எண்ணாகவே வரும், எழுத்தை எண்ணாக்கும் பார்ஸ்இன்ட் வேலை மிச்சம். எதெது மாறினால் திரும்பக் கணக்கிடவேண்டும் என்று ரியாக்டின் யூஸ்மெமோவுக்கு ஒரு பட்டியல் கொடுக்கிறோமே, அது இங்கே இல்லை; கம்ப்யூட்டட் தான் எதைப் படித்தது என்பதைத் தானே குறித்துக்கொள்கிறது.

இதே பில் திரையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வி-ஃபாருக்கு, ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் கீ ஒன்றைக் கொடுக்கச் சொல்வார்கள், நிறையப் பேர் சோம்பேறித்தனமாக வரிசை எண்ணையே கீயாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வரியிலும் வி-மாடல் கட்டாத ஒரு குறிப்புப் பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். முதல் வரியான அரிசிக்குப் பக்கத்தில் "பழைய அரிசி மட்டும்" என்று எழுதிவிட்டு அந்த வரியை நீக்குங்கள். அரிசி போய்விடும், குறிப்பு போகாது. மேலே ஏறிவந்த துவரம்பருப்புக்குப் பக்கத்தில் "பழைய அரிசி மட்டும்" என்று நிற்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொந்த ஐடி கொடுத்து அதைக் கீயாக வைத்தால் இந்தத் தொல்லை வராது. இது ரியாக்டிலும் இருக்கிற சங்கதிதான்.

நிறுவுவது சுலபம். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் புதிதாக இருக்கவேண்டும், பழசு என்றால் ஆரம்பத்திலேயே முரண்டு பிடிக்கும். டெர்மினலில், நோடுடன் வரும் என்பிஎம் கருவியின் கிரியேட் வியூ கமாண்டைக் கொடுத்தால் டைப்ஸ்கிரிப்ட் வேண்டுமா, ரவுட்டர் (பக்கம் விட்டுப் பக்கம் போக) வேண்டுமா, பினியா (கம்போனென்ட்டுகள் பகிரும் தரவை வைக்க) வேண்டுமா, டெஸ்டிங் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே போகும். முதல் புராஜெக்ட் என்றால் கோடில் தவறு காட்டும் ஈஎஸ்லின்ட் தவிர எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் டிக் செய்தால் முதல் நாளே ஃபோல்டரைத் திறந்து எது எதற்கு என்று தெரியாமல் முழிப்பீர்கள். மாதிரிக் கோடு இல்லாமல் வெறுமையாகத் தொடங்கட்டுமா என்றும் இப்போது கேட்கிறது, ஆமாம் என்று சொல்வது நல்லது. பின்னால் ஓடுவது வைட் என்ற பில்ட் கருவி. அதுவும் எவான் யூ செய்ததுதான். லோக்கல்ஹோஸ்ட் 5173-ல் ஓடும், ஃபைலைச் சேமித்த மறுநொடி பிரவுசரில் தெரியும். வெப்பேக் என்ற பழைய பில்ட் கருவியின் நாட்களில் சேமித்துவிட்டு டீ குடிக்கப் போனவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அந்த அளவுக்குக்கூட வேண்டாம், கையில் ஏற்கெனவே ஒரு பிஎச்பி பக்கம் இருக்கிறது, அதில் ஒரு மூலையில் மட்டும் பயன்படுத்திப் பார்க்கவேண்டும் என்றால் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் டேக் போதும். என்பிஎம் இல்லை, பில்ட் இல்லை. மற்ற ஃபிரேம்வொர்க்குகளில் இந்த வழி இவ்வளவு சுமுகமாக இல்லை. அரசு அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ பழைய தளத்தைப் பராமரிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவு கிடையாது என்பது என் கருத்து.

அதிகாரபூர்வ ஆவணம் தரமானது. தளத்திலேயே பிரவுசருக்குள் எழுதிப் பார்க்கும் பயிற்சி இருக்கிறது, ஓர் ஓய்வு நாளில் முழுவதையும் முடித்துவிடலாம். ஆனால் பக்கத்தின் மேலே ஆப்ஷன்ஸ், காம்போசிஷன் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைத் தட்டினால் பக்கத்தில் உள்ள எல்லா உதாரணங்களும் மாறும். இரண்டு வழி என்று முதலில் சொன்னேனே, அது இதுதான். ஆப்ஷன்ஸ் முறையில் டேட்டா, மெத்தட்ஸ் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்து எழுதுவோம். காம்போசிஷன் முறையில் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி மேலிருந்து கீழே எழுதுவோம். ஆப்ஷன்ஸ்தான் புதியவர்களுக்குச் சுலபம் என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போது புதிதாக வரும் லைப்ரரிகள், உதாரணங்கள் பெரும்பாலும் காம்போசிஷனில்தான் இருக்கின்றன, ஆகவே ஸ்கிரிப்ட் டேகில் செட்டப் என்று சேர்த்து அதிலேயே தொடங்குங்கள், ஸ்விட்சைத் தொடாதீர்கள். பழைய புராஜெக்ட் கைக்கு வரும்போது ஆப்ஷன்ஸைப் படித்துக்கொண்டால் போதும்.

காம்போசிஷனிலும் ஒரு தலைவலி இருக்கிறது, அதன் பெயர் டாட் வேல்யூ. ரெஃபில் வைத்த மதிப்பை ஸ்கிரிப்டுக்குள் எடுக்க டாட் வேல்யூ போடவேண்டும், டெம்ப்ளேட்டில் போடவேண்டாம். கேட்க சாதாரணமாக இருக்கும். கடன் பாக்கி உண்டா இல்லையா என்று ஒரு ரெஃப் வைத்திருக்கிறோம், அதில் ஃபால்ஸ் இருக்கிறது. ஸ்கிரிப்டில் இஃப் போட்டு டாட் வேல்யூவை விட்டுவிட்டால், ரெஃப் என்பது ஓர் ஆப்ஜெக்ட், ஆப்ஜெக்ட் என்றாலே அது ட்ரூதான், எனவே பாக்கியே இல்லாதவருக்கும் பாக்கி இருப்பதாகக் கணக்கு ஓடும். எரர் எதுவும் வராது, கன்சோலும் சுத்தமாக இருக்கும். ஈஎஸ்லின்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான், அதன் வியூ பிளக்இன் இந்த மாதிரி இடங்களைச் சுட்டிக்காட்டும். ரியாக்டிவ் என்று இன்னொன்று இருக்கிறது, அதற்கு டாட் வேல்யூ தேவையில்லை. ஆஹா என்று தாவிவிடாதீர்கள். அதிலிருந்து ஓர் எண்ணைப் பிரித்து வெளியே எடுத்தால் தொடர்பு அறுந்து அது வெறும் எண்ணாகிவிடும், திரையில் மாறவே மாறாது. எல்லாவற்றுக்கும் ரெஃப் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆவணமும் அதைத்தான் பரிந்துரைக்கிறது.

பழைய பாடங்கள் பெரிய பிரச்சினை. வியூ 3 வந்தது 2020 செப்டம்பரில், வியூ 2-க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது, ஆனால் யூட்யூபில் வியூ 2 வீடியோக்கள் இன்னும் முன்னால் வந்து நிற்கின்றன. நியூ வியூ என்று தொடங்கும் கோடு, வியூ சிஎல்ஐ, வியூஎக்ஸ், விஎஸ் கோடில் வெட்டூர் எக்ஸ்டென்ஷன், இதில் எதைப் பார்த்தாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். சில மாற்றங்கள் சட்டென்று கண்ணில் படாமல் வேறு இருக்கும்: ஒரே டேகில் வி-ஃபாரும் வி-இஃபும் சேர்ந்து இருந்தால் வியூ 2-ல் முதலில் வி-ஃபார் நடக்கும், வியூ 3-ல் முதலில் வி-இஃப் நடக்கும். பழைய கோடை அப்படியே ஒட்டினால் வி-இஃபுக்கு அந்தப் பொருள் யார் என்றே தெரியாது.

தமிழில் தளம் செய்கிறவர்களுக்கு ஒன்று. தேடல் பெட்டியில் வி-மாடல் கட்டி, எழுத எழுத முடிவுகளை வடிகட்டும்படி செய்திருப்பீர்கள். ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் அடிக்கும் விசைப்பலகைகளில் சொல் முடியும்வரை அடியில் ஒரு கோடு போட்டுக் காட்டுமே, அந்த நேரத்தில் வி-மாடல் பேசாமல் காத்திருக்கும், சொல் உறுதியான பிறகுதான் மதிப்பை மாற்றும். ஆவணத்தில் சீனம், ஜப்பானியம், கொரியம் என்று உதாரணம் கொடுத்து இதைச் சொல்லியிருக்கிறார்கள், நம் ஆட்கள் அது நமக்கில்லை என்று தாண்டிப்போய்விடுகிறார்கள். போனில் சோதித்துவிட்டுத் தேடல் வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர் கூப்பிடுவார். வி-மாடலை எடுத்துவிட்டு வேல்யூவையும் இன்புட் ஈவென்ட்டையும் தனித்தனியாகக் கட்டினால் ஒவ்வோர் எழுத்துக்கும் உடனே மாறும்.

ஸ்டைலில் ஸ்கோப்டு என்று போட்டால் அந்தக் கம்போனென்ட்டோடு சிஎஸ்எஸ் நின்றுவிடும், நல்ல வசதி. உள்ளே வைக்கும் குழந்தைக் கம்போனென்ட்டின் வெளி டேகில் மட்டும் பெற்றோரின் ஸ்டைலும் படும் என்பதை நினைவில் வைத்தால் போதும். ரவுட்டர், பினியா இரண்டும் நன்றாக இருக்கின்றன, இரண்டாவது புராஜெக்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேலை கிடைக்குமா என்றால், இங்கே விளம்பரங்களில் ரியாக்ட்தான் அதிகம், அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த மாதமே இன்டர்வியூ என்றால் வியூவை ஒத்திப்போடுங்கள். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு, அந்த வட்டத்தில் வியூ நன்றாகவே புழங்குகிறது. மற்றவர்களும் ப்ராப்ஸ் (கம்போனென்ட்டுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்பு), ஸ்டேட் (அதற்குள் மாறும் மதிப்பு), கம்போனென்ட்டை எங்கே வெட்டுவது என்பதை இதில் படித்துக்கொண்டு ரியாக்டுக்குப் போனால் பாதிப் பாரம் குறைந்திருக்கும்.

கடைசியாக, ஹோஸ்டிங். பில்ட் கமாண்ட் கொடுத்தால் டிஸ்ட் என்று ஒரு ஃபோல்டர் வரும். அதிலுள்ள இன்டெக்ஸ் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால் வெள்ளைத் திரைதான் வரும், பதற வேண்டாம், ஃபைலாகத் திறந்தால் அப்படித்தான். பிரிவ்யூ கமாண்டில் பாருங்கள். சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில் அந்த ஃபோல்டருக்குள் இருப்பதை அப்படியே ஏற்றினால் போதும், சர்வரில் நோட் தேவையில்லை. ரவுட்டர் சேர்த்திருந்தால் மட்டும் உள்பக்கத்தில் ரீஃப்ரெஷ் செய்யும்போது 404 வரும். எல்லா முகவரியையும் இன்டெக்ஸுக்குத் திருப்பிவிடும்படி சர்வருக்குச் சொல்லும் எச்டிஆக்சஸ் ஃபைலில் எழுதுங்கள், அது கைக்கு வராது என்றால் ரவுட்டரில் ஹேஷ் ஹிஸ்டரிக்கு மாற்றிவிடுங்கள். முகவரியில் ஒரு ஹேஷ் குறி வரும், கொஞ்சம் அசிங்கம்தான், ஆனால் வேலை நடக்கும்.