ரிச்சி தெருப் பழைய பெட்டியும் நானும்: மூன்று வருடக் கணக்கு

வீட்டு எலிவேஷன், அதாவது கட்டப்போகும் வீட்டின் முகப்புப் படங்கள் போட்டுக் கொடுப்பது என் தொழில். வேலை முழுக்க பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில். 2023 ஜனவரியில் புதுக் கம்ப்யூட்டருக்குக் கையில் காசில்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப் போட்ட டவர் கம்ப்யூட்டர் ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஐ5-4590 பிராசசர், நாலு கோர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம்.

எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கான மைனிங் 2022 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டதால் அதில் உழைத்த கிராஃபிக்ஸ் கார்டுகள் தெருவில் குவிந்து கிடந்தன. ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, 7,500 ரூபாய். "ஆறு மாசம்தான் சார் ஓடியிருக்கு" என்றார் கடைக்காரர். கழற்றிப் பார்த்தால் சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. புதிதாகத் தடவிய பிறகு 86 டிகிரி 74-க்கு இறங்கியது.

செலவு அதோடு நிற்கவில்லை. இந்தக் கார்டு 185 வாட் கேட்கும், 8 பின் ஒயரும் வேண்டும். டவரில் இருந்ததோ 290 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), அந்த ஒயரே கிடையாது. சரி, புதிது போடலாம் என்றால் மதர்போர்டு சாக்கெட் வழக்கமான 24 பின் இல்லை, டவரைச் செய்த கம்பெனியின் சொந்த அளவு. அடாப்டர், 550 வாட் சப்ளை, இன்னொரு 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி என்று சேர்த்து மொத்தம் 25,000-ஐத் தொட்டது. ஆபீஸ் டவர் வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து முதலில் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள். பிராசசரை அப்புறம் பார்க்கலாம்.

கேம், வீடியோ எடிட்டிங் எல்லாம் 1080பி திரை அளவில் நன்றாகவே ஓடின. என் தொழிலுக்குத்தான் அந்தக் கார்டு உதவவில்லை. பிளெண்டர் 2021 டிசம்பரில் வந்த 3.0-இலேயே, இந்தக் கார்டை ரெண்டருக்குப் பயன்படுத்த வழி செய்த ஓபன்சிஎல்லைக் கைவிட்டுவிட்டது. மாடலை முழுப் படமாக மாற்றுவதுதான் ரெண்டர்; அதைச் செய்யும் பிளெண்டரின் சைக்கிள்ஸுக்கு 580 கணக்கிலேயே இல்லை. வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் படித்திருந்தால் தெரிந்திருக்கும், தப்பு என்னுடையது. ஒரு வருடத்துக்கு மேல் பிராசசரிலேயே ரெண்டர் போட்டேன், ஒரு படத்துக்கு 22 நிமிடம்.

2024 கடைசியில் கடன் வாங்கிப் புது ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு எடுத்து அதே பழைய பெட்டியில் சொருகினேன். நண்பர்கள் சிரித்தார்கள். மாட்டு வண்டிக்கு ஜெட் எஞ்சினா என்றான் ஒருவன். கேமைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரிதான். பிராசசர் நூறு சதவீதத்தில் மூச்சு வாங்க, கார்டு பாதி வேலைகூட இல்லாமல் சும்மா இருக்கும். ஆனால் ரெண்டர் அப்படியில்லை. காட்சி ஒரு தடவை கார்டின் நினைவகத்துக்குள் போய்விட்டால் பிராசசருக்குப் பெரிய வேலை கிடையாது. கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பாதை பழைய பிசிஐஇ 3.0 எட்டு லேனில்தான் ஓடுகிறது, ஆனாலும் எனக்கு ஒரு நஷ்டமும் தெரியவில்லை. அந்த 22 நிமிடப் படம் இப்போது அரை நிமிடத்தில் முடிகிறது. மின்சாரமும் 580-ஐவிடக் குறைவு, 115 வாட்தான். தினம் நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 17 யூனிட் வித்தியாசம்.

அதனால் 'புதுசா, பழசா' என்று யாராவது கேட்டால் என்ன வேலைக்கு என்றுதான் திருப்பிக் கேட்பேன். ரெண்டருக்கு என்றால் பழைய பெட்டியில் புதுக் கார்டு போடுங்கள். புதுக் கேம் விளையாடத்தான் என்றால் நாலு கோர் பக்கமே போகாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. நாலாம் தலைமுறை பிராசசரை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன், பிளெண்டர் அதில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

580 இப்போது அக்கா பையனிடம், அதுவும் மின்ட்டில்தான். டிரைவர் தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை. மே மாதம் மட்டும் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.