மேற்கை பி.பி. கருவி: நிமோனியா நாட்களில் பயன்படுத்திய அனுபவம்

பல ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை எடுத்துவரும் எழுபது வயதைக் கடந்த என் தாயாருக்கு நிமோனியா வந்தபோது, மேற்கையில் பட்டை சுற்றி அளக்கும் டிஜிட்டல் கருவி ஒன்றைக் காலையும் மாலையும் பயன்படுத்தினேன். அந்த நாட்களை வைத்தே இதை மதிப்பிடுகிறேன்.

அளவிடும் வேலையை இக்கருவி நன்றாகவே செய்கிறது. ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் பெரும்பாலும் நெருங்கியே வந்தன. காற்று இறங்கும் நேரத்தில் அம்மா இருமினால் மட்டும் பிழைக்குறி காட்டியது. இருமல் அடங்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பட்டையின் சுற்றளவை வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும், ஏனெனில் கைக்குச் சிறிதான பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.

குறை இருப்பது, அளவு இயல்பா கூடுதலா என்று நிறத்தால் காட்டும் திரையோர வண்ணக் கோட்டில்தான். வழக்கமாக 140-ஐ ஒட்டியே இருக்கும் அம்மாவின் மேல் அளவு, காய்ச்சலின் மூன்றாம் நாள் மாலையில் 96 ஆகவும் கீழ் அளவு 58 ஆகவும் இறங்கியிருந்தபோது, திரையோரக் கோடு பச்சையாகவே ஒளிர்ந்தது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு நுரையீரல் தொற்றின்போது கூடும் எண் மட்டுமே ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. நிமோனியாவின் தீவிரத்தைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கர்ப்-65 மதிப்பீட்டில், மேல் அளவு 90-க்குக் கீழே போவதும் கீழ் அளவு 60 அல்லது அதற்குக் குறைவாக இருப்பதும் எச்சரிக்கைக் குறிகள். நினைவகத்தில் இருந்த பழைய அளவுகளோடு ஒப்பிட்டதால்தான் எனக்கு ஐயம் வந்தது. மருத்துவரை அழைத்தேன், அன்றிரவே அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தோம். காய்ச்சலால் நீர்ச்சத்து குறைந்திருந்த உடலில் மாத்திரையும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று மருத்துவர் விளக்கினார்.

இதற்காக யாரும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். கொரோனா காலத்தில் சில பி.பி. மாத்திரைகள் நோயைத் தீவிரமாக்கும் என்ற அச்சம் பரவியது. மருத்துவமனையில் இருந்த 659 பேரிடம் பிரேசிலில் நடந்த பிரேஸ் கொரோனா ஆய்வில், அவற்றை நிறுத்தியதால் பலன் எதுவும் தெரியவில்லை. எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். அதேபோல், சூடோஎஃபெட்ரின் கலந்த மூக்கடைப்பு மாத்திரையும் இபுபுரூஃபனும் அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை என்பதால், சளிக்கு எதைக் கொடுத்தாலும் முன்னும் பின்னும் அளந்து குறித்துக்கொள்வது நல்லது.

நினைவகத்திற்காகவே இதை வாங்கலாம் என்பேன். தயாரிப்பாளர்கள் அடுத்த பதிப்பில், அவரவர் வழக்கமான அளவிலிருந்து வெகுவாக இறங்கினால் ஒலியெழுப்பும் வசதியைத் தர வேண்டும். அதுவரை, வண்ணக் கோட்டின் மீது நான் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அம்மாவின் வழக்கமான அளவை அதில் எழுதி வைத்திருக்கிறேன்.