எஸ்400ஆ, எஸ்410ஆ, எஸ்510ஆ?

பள்ளியில் துப்பாக்கி சுடுதலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்த நம் பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனதும் கையரிக்க ஆரம்பித்துவிடும். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் ஏர் ரைஃபிள் வைத்திருப்பது குற்றம். கிளப்பில் எடுத்து, சுட்டு, துடைத்து, அங்கேயே ஒப்படைத்துவிட்டு வருவதுதான் நமக்குப் பழக்கம். இங்கிலாந்தில் 18 வயது ஆகியிருந்தால், 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல் சக்திக்கு மேல் போகாத காற்றுத் துப்பாக்கியை உரிமம் இல்லாமலே கடையில் வாங்கலாம். ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை. 2016 கடைசியிலிருந்து அங்கே சான்றிதழ் வேண்டும். எடின்பரோ, கிளாஸ்கோ போகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

பழைய ரைஃபிளாகத் தேடினால், சிலிண்டரில் அடைத்துவைத்த காற்றால் சுடும் ஏர் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் எஸ்400, எஸ்410, எஸ்510 குடும்பம் கண்ணில் படாமல் போகாது. இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில் உள்ள ஹெயில்ஷம் ஊர் நிறுவனம் அது. குழல் ஜெர்மனியின் லோதர் வால்தருடையது. எஸ்400இல் ஒரு நேரத்தில் ஒரு குண்டுதான். எஸ்410இல் பத்துக் குண்டு போடும் வட்ட மேகசின் வரும். இரண்டுக்கும் பின்பக்கம் போல்ட், அதாவது இழுத்துத் தள்ளிக் குண்டை ஏற்றும் தண்டு. எஸ்510க்கும் மேகசின் உண்டு, ஆனால் போல்ட்டுக்குப் பதிலாக பக்கவாட்டில் லீவர்.

எதை வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் எஸ்400. காரணம் மேகசின்தான்.

லெஸ்டரில் இருக்கும் என் அக்கா மகன் எஸ்410 வைத்திருக்கிறான். ஒருநாள் இலக்கு அட்டையில் துளையே விழவில்லை. "மாமா, குண்டைக் காணோம்" என்றான். நடந்தது இதுதான்: போல்ட்டை முன்னே தள்ளி ஒரு குண்டைக் குழலுக்குள் ஏற்றியிருக்கிறான், நடுவில் யாரோ பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள், ஏற்றினோமா இல்லையா என்று மறந்து மறுபடியும் போல்ட்டை இழுத்துத் தள்ளியிருக்கிறான். முதல் குண்டுக்குப் பின்னால் இரண்டாவதும் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டும் சேர்ந்து கிளம்பினால் வேகம் வெகுவாகக் குறைந்து குறிக்குக் கீழே தாழ்ந்துவிடும். எஸ்510இலும் இது நடக்கும். லீவர் என்பதால் காப்பாற்றிவிடாது.

எஸ்400இல் அந்த வம்பு மிகக் குறைவு. போல்ட்டைத் திறந்தால் சின்னப் பள்ளம் ஒன்று தெரியும். குண்டை அதில் வைத்து, தலை முன்பக்கம் பார்க்கிறதா என்று ஒரு பார்வை, அப்புறம் போல்ட். குண்டின் விளிம்பு நசுங்கியிருந்தால் விரலிலேயே தெரிந்துவிடும், தூக்கிப் போட்டுவிடலாம். 75 நிமிடத்தில் 60 குண்டு என்று பத்து மீட்டர் போட்டியில் பழகியவர்களுக்கு இந்த நிதானம் புதிதில்லை. 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் சிங்கப்பூரின் மார்டினா வெலோசோ தங்கம் வாங்கியதும் ஒவ்வொரு குண்டாக ஏற்றிச் சுடும் ரைஃபிளில்தான். அந்தப் போட்டியின் விதியே அது. மேகசின் மேலே துருத்திக்கொண்டு நிற்காததால் எஸ்400இல் குறிபார்க்கும் ஸ்கோப்பையும் தாழ்வாகப் பொருத்தலாம்.

சரி, எஸ்510 யாருக்கு? பண்ணையில் எலி, முயல் பிரச்சினைக்குப் போகிறவர்களுக்கு. குளிரில் கையுறை போட்டுக்கொண்டு, இருட்டில் குண்டைப் பொறுக்கி வைப்பது கொடுமை. லீவரை இழுக்க முகத்தைத் துப்பாக்கியின் கட்டையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, அடுத்த குண்டுக்குக் குறி கலையாது. லீவரின் இழுப்பு அவ்வளவு சுகம், அதைப் பழகிவிட்டு போல்ட்டுக்குத் திரும்பினால் எரிச்சல் வரும். பழையதற்கே விலை கூடுதலாகக் கேட்பார்கள். மூன்றிலும் எனக்குக் குறைவாகப் பிடித்தது எஸ்410தான். மேகசினின் தொல்லையும் இருக்கிறது, லீவரின் சுகமும் இல்லை.

குட்டைக் குழலா நீளக் குழலா என்பதை அலட்சியமாக முடிவு செய்யாதீர்கள். கார்பைன் என்ற குட்டை வகை புதரிலும் காரிலும் வசதி. ஆனால் நீளக் குழலில் காற்று குண்டை அதிக தூரம் தள்ளிக்கொண்டு போகிறது, அதனால் அதே வேகத்துக்குக் குறைந்த காற்று போதும். சிலிண்டரும் நீளம். ஒரு நிரப்பலில் கிடைக்கும் குண்டுகள் கணிசமாகக் கூடும். கைபம்பில் நிரப்பப் போகிற மாணவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஒருமுறை பம்ப் அடித்துப் பாருங்கள், தோள் சொல்லும்.

குண்டின் அளவில் 4.5 மில்லிமீட்டரே எடுங்கள். 12 அடி-பவுண்டில் அது நொடிக்குச் சுமார் 240 மீட்டர் போகும், 5.5 மில்லிமீட்டர் 175 பக்கம்தான். தூரம் கூடக் கூட, மெதுவாகப் போகும் அந்தக் கனமான குண்டு அதிகம் தாழும்.

எஸ்400, எஸ்410 இரண்டிலும் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் கிடையாது. 190 பார் அழுத்தத்துக்கு நிரப்பச் சொல்வார்கள். இருநூறைத் தாண்டி அடைத்தால் அதிக சக்தி வரும் என்று நினைப்பவர்கள் உண்டு; உண்மையில் அந்த அழுத்தத்தை எதிர்த்து வால்வு சரியாகத் திறக்காது, முதல் சில குண்டுகள் மெதுவாகத்தான் போகும்.

பழையது வாங்கப் போகும்போது ரைஃபிளைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் நிரப்பும் இணைப்பைக் கேளுங்கள். பழைய சிலிண்டர்களின் முனையில் ஏர் ஆர்ம்ஸுக்கே உரிய டி வடிவ மாட்டல் இருக்கும், மற்ற நிறுவனங்களின் இணைப்பு அதில் பொருந்தாது. அதற்கான இணைப்பை விற்பவர் தொலைத்திருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.