‘கலப்பு உலோக’ சிம்பல் வாங்கி 46,500 ரூபாய் போச்சு: டிரம்ஸ் வாசிக்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் ‘போனது போகட்டும்’ என்று நானே விட்டுவிடுவேன், அவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். மூன்று வாரத்தில் என்னிடமிருந்து போன பணம் 46,500 ரூபாய். என்ன நடந்தது என்று முதலில் சொல்கிறேன். சிம்பலை, அதாவது டிரம்ஸ் செட்டில் குச்சியால் தட்டுகிற உலோகத் தட்டை, எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

குன்னூரில் ஒரு வாடகை அறையில் பிள்ளைகளுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பதினொரு பேர் வருகிறார்கள், பாதிப் பேர் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பேன். என்னிடம் இருந்த சிம்பல்கள் ஓரம் கிழிந்து, ஆணி வைத்துத் துளை போட்டு விரிசலை நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தவை. ராத்திரிப் பயிற்சிக்கு ஒரு பழைய எலக்ட்ரானிக் செட் உண்டு. மலையில் ஏழு மணிக்கு மேல் ஒரு தட்டுத் தட்டினாலும் எதிர் சரிவு வரை கேட்கும், அதனால் அது இல்லாமல் முடியாது. அதிலும் இரண்டு பேட் செத்துப்போயிருந்தது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு முன்னால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று சீட்டு எடுத்தேன். அது 30,000. பிள்ளைகளின் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஆளுக்கு 1,500 ரூபாய் ஃபீஸை முன்கூட்டியே கொடுத்தார்கள். அது 16,500. அந்தப் பணம்தான் போனது.

கடையின் பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். கீழே ஒரு ஊரில் சிம்பல் செய்வதாகச் சொல்லிக்கொண்டு, சோஷியல் மீடியா பக்கம் மட்டும் வைத்து விற்கும் தொழிற்கூடம் என்ற அளவில் புரிந்துகொள்ளுங்கள். விளம்பரம் இப்படி இருந்தது: “கலப்பு உலோக சிம்பல்கள். அக்கூஸ்டிக், எலக்ட்ரானிக் இரண்டுக்கும். முன்னணி டிரம்ஸ் பிராண்டுகளுக்குச் செய்து கொடுப்பவர்களிடமிருந்து நேரடியாக. லோகோ இல்லை, விலையும் இல்லை.”

போன் போட்டேன். எடுத்தவர் வயதானவர் குரல். முதல் வார்த்தையே “சொல்லுங்க தம்பி” என்றார். பிராண்டுக்காரர்கள் தங்களிடம் தட்டை வாங்கி லோகோ அடித்து மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள், மிச்சம் விழுவதைத்தான் இப்படிக் கொடுக்கிறோம் என்றார். எனக்குச் சந்தேகம் இருந்தது. “என்ன கலவைங்கய்யா, பி20-ஆ, பி8-ஆ?” என்று கேட்டேன். இரண்டும் சிம்பல் செய்கிற வெண்கல வகைகள். அதற்கு அவர் சொன்ன பதிலில்தான் நான் விழுந்தேன்.

“தம்பி, நட்டுவாங்கத் தாளம் பார்த்திருக்கீங்களா? ஒண்ணு வெண்கலம், ஒண்ணு இரும்பு. ரெண்டும் ஒரே உலோகமா இருந்தா அந்த நாதம் வருமா? எங்க அப்பா கோயில் தாளம் வார்த்தவர். கலக்குற கணக்கு எங்க கையில இருக்கு.”

தாளத்தைப் பற்றி அவர் சொன்னது உண்மை. பரதநாட்டிய அரங்கேற்றத்தில் நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஒரு உண்மையைச் சொன்னதும் அடுத்து வந்த எல்லாவற்றையும் நம்பிவிட்டேன். பி20-ஆ பி8-ஆ என்ற என் கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

அப்புறம் ஒரு வீடியோ வந்தது. உலை எரிகிறது, செக்கச்செவேல் என்று ஒரு தட்டு வெளியே வருகிறது, உருளைக்குள் போகிறது, திரும்ப உலைக்குள் போகிறது, கடைசியில் தண்ணீரில் சொய்யென்று முங்குகிறது. பி20 என்றால் நூற்றுக்கு எண்பது செம்பு, இருபது வெள்ளீயம். வார்த்து ஆறிய நிலையில் கண்ணாடி மாதிரி உடையும் என்பதால், திரும்பத் திரும்பச் சுட வைத்துத்தான் தட்டையாக்க முடியும். எஃகைச் சுட்டுத் தண்ணீரில் முக்கினால் இறுகும். இந்த வெண்கலம் நேர்மாறு, முக்கினால்தான் அடி தாங்கும். வீடியோவில் எல்லாம் சரியாக இருந்தது. பின்னாலேயே ஒரு வாய்ஸ் நோட். 20 அங்குல ரைடை, அதாவது தாளம் ஓட்டுகிற பெரிய சிம்பலை, ஒரே ஒரு தடவை தட்டியிருந்தார்கள். ஓசை கரைந்து அடங்க எவ்வளவு நேரம்! இயர்போனில் நாலு தடவை கேட்டேன். ரைடு எடை 2.4 கிலோ என்று எழுதியும் அனுப்பினார்கள்.

14 அங்குல ஹை-ஹேட் (காலால் மூடித் திறக்கிற ஜோடி), 16, 18 அங்குல கிராஷ் (ஓங்கி அடிக்கிற சிம்பல்), 20 ரைடு எல்லாம் சேர்த்து 34,000. எலக்ட்ரானிக் செட்டுக்குத் துளை போட்ட உலோக சிம்பல் இரண்டு, 12,500. பரப்பு, விளிம்பு, நடு மொட்டு மூன்றிலும் தனித்தனி ஓசை வரும், விளிம்பைக் கையால் பிடித்தால் சத்தம் நிற்கும் என்று உறுதி சொன்னார்கள். பிராண்ட் போட்ட பி20 செட் இதே அளவில் வாங்கினால் லட்சத்தைத் தாண்டும். ஷாப்பிங் ஆப் வழியாக விற்றால் கமிஷன் போகும் தம்பி, ஜீபே பண்ணிவிடுங்கள் என்றார். பண்ணினேன். 46,500. ‘பெறப்பட்டது’ என்று ஒரு கும்பிடு பொம்மை வந்தது.

மலைக்கு டெலிவரி கிடையாதாம், அதையும் பணம் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள். முதல் பஸ்ஸில் பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, பார்சல் ஆபீசில் பெட்டியை வாங்கி, மடியில் வைத்தபடியே மழையில் மேலே வந்தேன்.

அறையில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். பெட்டியைப் பிரித்தோம். தகதகவென்று மின்னியது. ரைடை ஸ்டாண்டில் மாட்டி ஒரு தட்டுத் தட்டினேன். டிங் என்று எழுந்து அங்கேயே விழுந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினால் தகர டப்பா. பதினொரு முகமும் என்னையே பார்க்கிறது. “புதுசு இல்லையா சார், போகப் போகச் சரியாகும்” என்று ஒரு பெண் பிள்ளை எனக்கு ஆறுதல் சொன்னாள். எலக்ட்ரானிக் சிம்பலைத் திருப்பிப் பார்த்தால், அடியில் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டிய ஒரே ஒரு பியஸோ வில்லை (தட்டுகிற அதிர்வை மின் சிக்னலாக மாற்றுவது). விளிம்பில் எதுவும் இல்லை, மொட்டில் எதுவும் இல்லை. கூட வந்த கேபிளின் ஜாக் முனையில் ஒரே ஒரு கருப்பு வளையம். இரண்டு வளையம் உள்ள ஸ்டீரியோ ஜாக் இல்லாமல் விளிம்புக்கு ஏது தனி ஓசை? பிடித்துப் பார்த்தேன், சத்தம் நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே போன் போட்டேன். அதிலிருந்து அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவே இல்லை. சார் ஆகிவிட்டேன்.

முதல் நாள்: “வாசிக்க வாசிக்க ஓபன் ஆகும் சார்.” ஒரு வாரம் வாசித்தேன். சர்ச்சில் 18 அங்குல கிராஷ் இரண்டாவது பாட்டிலேயே ஓரம் மடங்கிவிட்டது. மடங்கியது மடங்கியபடி நின்றது. பி20 இப்படிச் சுலபமாக மடங்காது, அடி தாங்காவிட்டால் பெரும்பாலும் விரிசல்தான் விடும். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது போன்: “உங்க ஊர் குளிருக்கு உலோகம் இறுகும் சார், சத்தம் அப்படித்தான் வரும்.” என் வயிறு எரிந்தது இந்தப் பதிலில்தான். நான் பிறந்து வளர்ந்தது இந்தக் குளிரில். இதே குளிரில் எங்கள் சர்ச் மணி ஊருக்கே கேட்கிறது.

மூன்றாவது: “ஒர்க்‌ஷாப்புல பேசிட்டுச் சொல்றேன்.” நாலாவது போனை வேறு ஒரு பையன் எடுத்தான், ஐயா வெளியூர் என்றான். பின்னால் அவர் குரல் கேட்டது.

நான் மார்க்கெட் பாத்திரக்கடைப் பெரியவரிடம் ரைடைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் பக்கத்து காய்கறி மண்டித் தராசில் வைத்தோம். 2.4 கிலோ என்று எழுதியது 1.65 கிலோ இருந்தது. பெரியவர் நடுத் துளையில் ஒரு சணல் கயிற்றைக் கோத்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. அடியில் அரத்தை வைத்து ஒரு இழு இழுத்து, மேல்பூச்சு போன இடத்தை வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் அலமாரியிலிருந்து கைப்பிடி மணி ஒன்றை எடுத்து ஒரு அடி அடித்துவிட்டு, “இது வெண்கலம்” என்றார். அது அடங்கக் காத்திருந்து, “உங்களுது பித்தளைத் தகடு. வட்டமா வெட்டி, நடுவுல குமிழ் அழுத்தி, பாலிஷ் போட்டிருக்காங்க. பழைய பித்தளை விலைக்கு வேணா எடுத்துக்கறேன்” என்றார். மொத்தத்துக்கும் மூவாயிரம்கூடத் தேறாதாம். நான் கொடுத்தது 46,500.

இந்த மலையில் பழைய கல்லறை மேடுகளைத் தோண்டியபோது கிடைத்த வெண்கலக் கிண்ணங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. வெள்ளீயம் கூடுதலாகச் சேர்த்து, சூட்டோடு அடித்து மெல்லிசாக்கிய பாத்திரங்கள் அவற்றில் உண்டு. ஏறத்தாழ சிம்பலின் கலவைதான், சிம்பலின் வேலைதான். அவ்வளவு பழைய காலத்திலேயே இந்த மண்ணில் புழங்கிய உலோகம் அது. அதன் பெயரைச் சொல்லி எனக்குப் பித்தளைத் தகட்டை விற்றிருக்கிறார்கள்.

ஐந்தாவது போனில் கேட்டேவிட்டேன், “இது பித்தளைதானே?” என்று. அவர் பதறவே இல்லை. “கலப்பு உலோகம்னுதானே சார் போட்டிருக்கோம். பித்தளையும் கலப்பு உலோகம்தான். செம்பும் துத்தநாகமும். வெண்கலம்னு நாங்க எங்கயாவது சொன்னோமா?”

எல்லா மெசேஜையும் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். சொல்லவே இல்லை. தாளத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் வெண்கலம் என்ற வார்த்தை வந்திருக்கிறது, அதுவும் போனில். என் செட்டைப் பற்றி எங்கேயும் இல்லை. அத்தனை கவனமாகப் பேசியிருக்கிறார். ‘சரி, எலக்ட்ரானிக்கில் மூன்று இடத்தில் ஓசை வரும் என்று எழுதியே கொடுத்தீர்களே’ என்றேன். “அது உங்க மாட்யூல், சத்தம் தர்ற அந்தப் பெட்டியோட பிரச்சனை சார். திருப்பி அனுப்புங்க, முப்பது சதவீதம் பிடிச்சுக்கிட்டு மீதி தர்றோம், வண்டிக்கூலி உங்களுது.” எழுதித் தாருங்கள் என்றேன். இரண்டு நீல டிக் விழுந்தது. மறுநாள் அவருடைய போட்டோ மறைந்தது. பிளாக் செய்துவிட்டார். அவர்களுடைய சோஷியல் மீடியா பக்கத்தில் நான் போட்ட கமெண்டையும் காணோம். எனக்கு முன்னால் இருந்த ‘சூப்பர்’, ‘தரமான பொருள்’ எல்லாம் மட்டும் அப்படியே இருக்கின்றன.

நேற்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் அந்த உலை வீடியோவைக் காட்டினேன். பார்த்த உடனே, “சார், இது துருக்கியில எடுத்தது. நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன்” என்று சொல்லி, தன் போனில் முழு வீடியோவையும் எடுத்துக் காட்டினான். முன்னும் பின்னும் வெட்டி, பேச்சை எடுத்துவிட்டு எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். 1623-இல் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஸில்ஜியன் சிம்பல் கம்பெனி தொடங்கிய கதையை அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இஸ்தான்புல்லில் இன்றைக்கும் கையால் அடித்துச் செய்கிறார்கள் என்றும் சொன்னேன். அவன் தேடிப் பார்த்திருக்கிறான்.

ஒன்று சொல்ல வேண்டும். பித்தளை சிம்பல் குற்றமில்லை. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுதான் முதலில் வரும், ஐந்தாறாயிரம் என்று சொல்லியிருந்தால் யோசித்து வாங்கியிருப்பேன். பி8-ஐயும் குறை சொல்லவில்லை. தொண்ணூற்றிரண்டு செம்பு, எட்டு வெள்ளீயம், தகடாகவே வரும், பைஸ்டி கம்பெனியின் ‘2002’ என்ற சிம்பல் வரிசை அந்த உலோகத்தில்தான் வருகிறது. எதை விற்கிறோம் என்று சொல்லி விற்பதற்கு என்ன?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இது மட்டும். ‘கலப்பு உலோகம்’ என்று இருந்தால் செம்பு எத்தனை, வெள்ளீயம் எத்தனை, துத்தநாகம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அனுப்பப் போகும் அதே தட்டைத் தராசில் வைத்து, உங்கள் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் காட்டி, வீடியோ காலில் தட்டச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் என்றால் அடிப்பக்கமும் ஜாக் முனையும் போட்டோ வேண்டும். ஷாப்பிங் ஆப்பை விட்டு வெளியே பணம் கட்டவே கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் மெசேஜ் எதையும் அழிக்காமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவன் ஊருக்குப் போக வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது என்று வக்கீல் நண்பர் சொன்னார். திங்கட்கிழமை ரைடையும் அந்த பியஸோ வில்லையையும் சாக்கில் கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போகிறேன்.

உலை எரிகிற வீடியோ, சிவந்த தட்டு, தண்ணீரில் முங்குகிற காட்சி, பின்னாலேயே ஒரு ரைடு ஓசை வாய்ஸ் நோட். இதே வரிசையில் உங்களுக்கும் யாராவது அனுப்பியிருந்தால் பணம் போடுவதற்கு முன்னால் எனக்கு எழுதுங்கள். போட்டுவிட்டவர்களும் எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். நாலு மணிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள், ஆணித்துளை போட்ட பழைய சிம்பலைத் திரும்ப மாட்ட வேண்டும்.