பேட்ச்சை முதலில் சோதிப்பது யார்: வீட்டுக் கணினியா, ரோபோவா?

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியறையில் பழைய கணினி ஒன்று இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு எழுதும் பேட்ச்சுகளை, அதாவது நிரல் திருத்தங்களை, இப்போதெல்லாம் அதில் ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்புகிறேன். முன்பு கம்பைல் ஆனதுமே, பேட்ச்சுகளைப் பரிசீலிக்கும் மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்பிவிடுவேன். மிச்சத்தை, இன்டெல் நடத்தும் தானியங்கிச் சோதனை மென்பொருளான கெர்னல் டெஸ்ட் ரோபோ பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம்.

ரோபோவின் வீச்சோடு போட்டி போட முடியாது. நான் பெயர் மட்டுமே கேட்டிருக்கும் செயலிகளுக்கும் அது கெர்னலைக் கட்டிப் (கம்பைல் செய்து) பார்க்கிறது, காசும் கேட்பதில்லை. என் குட்டை உடைத்ததும் அதுதான். 64-பிட் எண் ஒன்றைச் சாதாரண வகுத்தல் குறியால் வகுத்திருந்தேன். 32-பிட் கெர்னலில் அதற்கான துணைச் சார்பு கிடையாது, நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் நின்றுவிடும். அதற்குப் பதில் கெர்னலின் டிவ்_யு64 சார்பைத்தான் அழைக்க வேண்டும். ரோபோவின் பிழைக் கடிதம் வந்தபோது அந்தக் கெர்னல் பகுதியின் பராமரிப்பாளர் பேட்ச்சைப் பாதி படித்து முடித்திருந்தார். அவர் நேரம் வீண். என் கணினியிலேயே ஆர்கிடெக்சரை 32-பிட் ஐ386 என்று மாற்றிக் கட்டியிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

அதைவிட என்னை மாற்றியது ரோபோவின் மௌனம். பட்டியலுக்குப் போன பேட்ச்சில் பிழை கண்டால் எழுதும், இல்லையென்றால் பேச்சில்லை. தேறிவிட்டதா, வரிசையில் காத்திருக்கிறதா, கெர்னல் நிரலின் வேறு கிளையில் பொருத்திப் பார்த்துத் தோற்றதா? நிரலின் எந்த நிலைமேல் எழுதியது என்று காட்டும் அடிப்படைக் கமிட்டைப் பேட்ச்சிலேயே குறிப்பிட்டால் கடைசிச் சந்தேகம் மட்டும் தீரும். மறுபடி அனுப்பிப் பார்க்கவும் வழியில்லை: கெர்னலின் நெட்வொர்க்கிங் பகுதியில் ஒரு நாளுக்குள் மறுபதிப்பு அனுப்பக் கூடாது; சோதனையை ஓட்டிப் பார்ப்பதற்காகவே பேட்ச் அனுப்பக் கூடாது என்றும் விதிக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் பதில் உடனே கிடைக்கிறது. 5.5 கெர்னலில் சேர்ந்த கேயூனிட் என்ற சோதனைக் கருவி, கெர்னலைச் சாதாரண நிரலைப் போல ஓட்டிச் சோதிக்கிறது. டீ ஆறுவதற்குள் முடிவு தெரிந்துவிடும். முழுக் கெர்னலைக் கட்டுவதுதான் பாடு. கத்திரி வெயிலில் வேலூர் மாடியறையில் பகலில் அதைத் தொடங்குவது அறைக்குள் அடுப்பு மூட்டுவது போல. விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்குகிறேன். நடுவில் மின்சாரம் போனாலும் கட்டும் கருவியான மேக் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

பேட்ச்சால் வரும் வேகக் குறைவை அளப்பதில் என் கணினியை நம்ப மாட்டேன், அதை ரோபோவிடமே விடுகிறேன். வன்பொருள் டிரைவர் ஒன்றே ஒன்றுதான் எழுதியிருக்கிறேன். அதை வைத்து டிரைவர்களுக்கு எது மேல் என்று தீர்ப்புச் சொல்லத் துணிவில்லை. நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் உள்ள சொந்தக் கிளையை ரோபோவின் பார்வையில் பதிவுசெய்யும் வழியும் உண்டு. அங்கே தேறினாலும் கடிதம் வருகிறது. இரண்டு மாதமாக அதையும் சேர்த்துப் பார்க்கிறேன்.